கூட்டாமல், குறைக்காமல்

"பெர்ஜரி… பெர்ஜரி… பொய்ச் சாட்சி. அலிபை… அலிபை… அந்த நேரத்துல நான் அங்க இல்லவே இல்ல… பெயில்… ஜாமீன், இது தெரியும். அக்யூஸ்ட்… குற்றவாளி…"

"குற்றம் சாட்டப்பட்டவர்."

சொன்னது தன் குரல்தான் என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே மழை. தெருமுனைச் சலவைக்கடையில் எட்டு எந்திரங்கள் வரிசையாக இருந்தன. இரண்டுதான் ஓடின. ஒன்று அவளுடையது. இன்னொன்றின் முன்னால் உட்கார்ந்து, சுற்றுகிற சட்டைகளைப் பார்த்துப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்பினான். கையில் நீல அட்டை போட்ட சிறு புத்தகம். அந்தப் புத்தகம் அவளுக்குத் தெரியும். கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு முகப்பு மேஜையில் கொடுப்பார்கள். குற்றம், வழக்கு, விசாரணை, தீர்ப்பு… நூற்றிருபது ஆங்கிலச் சொற்கள், எதிரே தமிழில் பொருள்.

"நீங்க தமிழா?" என்றான் அவன். முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "என்ன சொன்னீங்க இப்ப?"

"குற்றவாளி இல்ல… குற்றம் சாட்டப்பட்டவர். தீர்ப்பு வர்ற வரைக்கும் அவர் குற்றவாளி கிடையாது."

"அவரா? எங்க முதலாளி மண்டைய உடைச்சவனுக்கு 'அவர்' ஒரு கேடா?"

"நான் பொதுவாத்தான்…"

"நீங்க யாருங்க, அவனோட வக்கீலா?"

"இல்லங்க." அவள் தன் எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது சுட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருபத்தொன்பது வருடமாக இருந்த மாதிரி.

கொஞ்ச நேரம் எந்திரங்கள் மட்டும் பேசின. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், இந்த முறை தணிந்து…

"மைனஸ் மூணே கால்."

"என்ன?"

"உங்க கண்ணாடி. வலது மூணே கால். இடது… மூணரை இருக்கும்."

அவள் கண்ணாடியைக் கழற்றப் போய், கழற்றாமல் நிறுத்தினாள். சரியாகச் சொல்லிவிட்டான்.

"எப்படி?"

"கண்ணாடிக்கடையில பின் ரூம்ல லென்ஸ் தேய்க்கறேன். பதினொரு வருஷமா. ஓரத்தைப் பாத்தாலே சொல்லிடுவேன். கண்ணைப் பாக்கவே வேண்டியதில்ல." ஆனால் பார்த்தான். "கோபப்பட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. பத்து நாளா இந்தப் புஸ்தகத்தோட மல்லுக்கட்டறேன். மண்டையில ஏற மாட்டேங்குது."

"பரவால்ல."

"இன்னொண்ணு சொல்லட்டுமா? மைனஸ் கண்ணாடி கண்ணைச் சின்னதாக் காட்டும். உங்க கண்ணு நெஜத்துல இதைவிடப் பெருசு."

இது வெறும் ஒளியியல். குழிலென்ஸ் பிம்பத்தைச் சிறிதாக்கும். பள்ளிக்கூடத்திலேயே படித்தது. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். துணியை ஈரத்தோடு அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, குடையை மறந்துவிட்டு, மழையில் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் சொல்லிக்கொண்டாள்.

*

மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. ஒரு ஜன்னல், அதற்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் சுவர். ஒரு கட்டில், ஒரு நாற்காலி. குளிர்பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முனகி அடங்கும். அந்த அறையில் அது ஒன்றுதான் தானாகப் பேசும்.

அவள் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர். தமிழ் பேசுகிறவர்கள் கூண்டில் ஏறினால் பக்கத்தில் நிற்பாள். அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வாள், வக்கீல் கேட்பதைத் தமிழில் கேட்பாள். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. 'அவர் திருடினேன் என்கிறார்' என்று சொல்லக் கூடாது. 'நான் திருடினேன்' என்றுதான் சொல்ல வேண்டும். கூண்டில் இருப்பவரின் வாயாகவே மாறிவிட வேண்டும். திங்கட்கிழமை அவள் மருந்துக்கடைப் பூட்டை உடைத்தாள். புதன்கிழமை மனைவியை அடித்தாள். வெள்ளிக்கிழமை, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனாகி, 'இனி நான் யாருக்காக வீட்டுக்குப் போவேன்' என்றாள். எதற்கும் குரல் நடுங்கக் கூடாது.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தொண்டை வறண்டு வீடு திரும்பினால், நாள் முழுக்கப் பேசியதில் தனக்கென்று ஒரு வாக்கியமும் இருக்காது. பஸ்ஸில் 'கொஞ்சம் தள்ளிக்குங்க' என்பதைத் தவிர.

அந்த ஞாயிறு அக்கா போன் செய்தாள். வாராவாரம் செய்வாள்.

"என்னடி ஊமைச்சி, கோர்ட்டுல ஊர்ப்பட்ட பேர் கதையப் பேசற. கூடப் பொறந்தவகிட்ட பேச மட்டும் வாய் வலிக்குதா?"

ஊமைச்சி என்பது வீட்டுப் பெயர். நான்கு வயதுவரை பேசாமல் இருந்ததற்காக வைத்தது. பேசத் தொடங்கிய பிறகும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. மழை."

"மழையாம்! அம்மா ஒரு வரன் பார்த்து வச்சிருக்கா. பையன் கொஞ்சம் வாயாடியாம். உனக்கும் சேர்த்து அவனே பேசிடுவான், நல்லதாப் போச்சுங்கறா."

அவள் சிரித்தாள். மைனஸ் மூணே கால் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

*

அடுத்த ஞாயிறும் அதே நேரத்துக்குப் போனாள். துவைக்க அதிகம் இல்லை. சுத்தமான போர்வையையே மறுபடி எடுத்துப் போனாள்.

அவன் முன்பே வந்திருந்தான். பெஞ்சின் மேல் அவள் விட்டுப்போன குடை.

"வாங்க மேடம். ஒரு நியாயம் கேக்கணும். தெஃப்ட்… திருட்டு. பர்கலரி… திருட்டு. ராபரி… கொள்ளைன்னு போட்டு, பக்கத்துலயே திருட்டுன்னும் போட்டிருக்கான். ஒரு திருட்டுக்கு எதுக்குங்க இத்தனை பேரு? ராசிக்கேத்த மாதிரி வைக்கறாங்களா?"

"மூணும் வேற." அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். "யாருக்கும் தெரியாம எடுத்துட்டுப் போனா தெஃப்ட். திருடறதுக்காகக் கட்டடத்துக்குள்ள அத்துமீறிப் புகுந்தா பர்கலரி. ஆளை அடிச்சோ மிரட்டியோ பிடுங்கினா ராபரி."

"அப்ப எங்க கடையில நடந்தது ராபரி."

"கேஸைப் பத்திச் சொல்லாதீங்க!"

குரல் உயர்ந்துவிட்டது. அவன் திகைத்துப் பார்த்தான்.

"சாட்சி சொல்லப் போறவங்க வெளியில பேசக் கூடாது," என்றாள் மெதுவாக. "உங்களுக்குத்தான் கெடுதல்."

"சரிங்க… பேசல." அவன் புத்தகத்தைப் புரட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல் கேட்டான். "சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போனா அதுக்கு என்னங்க பேரு?"

"எதை?"

"சும்மா… எதையோ."

எந்திரத்தின் வட்டக் கண்ணாடியில் போர்வை சுற்றியது. அவள் அதையே பார்த்தாள். "அந்த வார்த்தை உங்க பட்டியல்ல இல்ல," என்றாள்.

"அப்ப அது குத்தமில்ல. நல்லவேளை."

அன்று அவன் நூற்றிருபதில் எழுபது சொற்களை ஒப்பித்தான். அவள் தவறுகளைத் திருத்தினாள். இத்தனை கஷ்டம் எதற்கு, கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் தருவார்களே என்று கேட்டாள். அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம்.

"வேண்டவே வேண்டாம்." அவன் முகம் இறுகியது. "போலீஸ் ஸ்டேஷன்ல ஒருத்தன் வந்தான். நான் கால் மணி நேரம் பேசறேன். அவன் ஒரே வரி சொல்றான், 'நான் பின் ரூமில் இருந்தேன்'னு. அவ்ளோதான்! என் பேச்சு எங்கங்க போச்சு? அவன் என்ன, எனக்காக உள்ள இருந்தானா? வாயை வாடகைக்கு விடற ஜனங்க. என் விஷயத்தை நானே தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கறேன்." பிறகு சிரித்தான். "என் புராணத்தை விடுங்க. நீங்க என்ன வேலை?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும்.

"பேசற வேலை."

"நீங்களா? பேசற வேலையா?" அவன் சிரித்த சிரிப்பில் எந்திரமே அதிர்ந்தது. "போன்ல பொருள் விக்கறவங்களா? உங்ககிட்ட யாருங்க வாங்குவா? வாடிக்கைக்காரங்க தூங்கிடுவாங்களே!"

அவளும் சிரித்தாள். மறுக்கவில்லை.

அன்று அக்காவிடம் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும். விதியையும் சேர்த்து. சாட்சியோடு பழக்கம் உண்டென்றால் ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், வழக்கு முடிகிறவரை அவரோடு பேச்சுவார்த்தை கூடாது.

"எப்ப முடியும்?"

"ஆறு மாசமும் ஆகும். ரெண்டு வருஷமும் ஆகும்."



"அங்க தமிழுக்கு நீ ஒருத்திதானா?"

"மூணு பேர் இருக்கோம்."

"அப்ப உனக்கே வரும்னு என்ன? கம்முனு இருடி. பொறந்ததுல இருந்து அதைத்தானே பண்ற, இப்பவும் பண்ணு."

மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது ஞாயிறும் போனாள். மழை விடவில்லை. ஒரே குடையில் இரண்டு தெரு நடந்தார்கள். அவன் வலது தோளும் அவள் இடது தோளும் முழுக்க நனைந்தன. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை தனக்குக் கோர்ட்டு என்று மட்டும் அவன் சொன்னான். "நூத்தி இருபதும் தெரியும் இப்ப. முடிச்சிட்டு அடுத்த ஞாயிறு வந்து எப்படிப் பேசினேன்னு சொல்றேன். நீங்க மார்க் போடுங்க."

அடுத்த ஞாயிறு… அந்த இரண்டு சொற்களை அவள் வீடுவரை பத்திரமாகக் கொண்டுபோனாள்.

*

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குப் போன் வந்தது. ஏழாம் எண் அறைக்குப் போக வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வருகிறதாம். மூன்றாமவர் ஊரில் இல்லை.

கதவைத் திறந்ததும் கூண்டில் அவனைப் பார்த்தாள். தேய்த்த சட்டை. ஒழுங்காக வாரிய தலை. அவன் கண்கள் ஒரு கணம் மின்னின… இவள் தன் சாட்சியைக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். பிறகு அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தான்.

பேசற வேலை.

அந்தக் கண்களில் விளக்கு அணைந்ததை அவள் பார்த்தாள். கண்ணாடியின் வழியாக. சிறிதாக. ஆனால் தெளிவாக.

அவள் நீதிபதியின் முன்னால் போய் நின்றாள். "மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிவிக்க வேண்டும்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். தனக்காகப் பேசும்போது அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். 'நான்' என்பது கூண்டில் இருப்பவருக்கு உரியது. "மொழிபெயர்ப்பாளருக்கு இந்தச் சாட்சியைத் தெரியும். சலவைக்கடையில் மூன்று முறை பேசியிருக்கிறார். வழக்கைப் பற்றிப் பேசவில்லை."

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அதற்கு மேல் ஏதாவது?"

"இல்லை."

இரு தரப்பு வக்கீல்களும் ஆட்சேபம் இல்லை என்றார்கள். கேட்பதைக் கூட்டாமல், குறைக்காமல், மாற்றாமல் சொல்வேன் என்று அவள் நூறாவது முறையாக உறுதி சொன்னாள்.

"நோ இன்டர்ப்ரெட்டர்," என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "ஐ ஸ்பீக்."

முதல் பத்து நிமிடம் பேசினான். கடை எந்தத் தெரு, என்ன வேலை, எத்தனை வருடம்… விட்னஸ், ராபரி, அக்யூஸ்ட் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் சரியாக விழும்போது அவளுக்குள் யாரோ கை தட்டினார்கள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் பட்டியலில் இருந்த சொற்களைக் கேட்கவில்லை. வேகமாக, வளைத்து வளைத்து, சாதாரணச் சொற்களில் கேட்டார். அவன் திணறினான். எஸ் என்ற இடத்தில் நோ என்றான். வக்கீல் நீதிபதியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"சாட்சி மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசட்டும்," என்றார் நீதிபதி.

அவள் கூண்டின் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு முழம் தூரம். அவன் நேரே சுவரைப் பார்த்தான்.

"இரண்டு பேர் உங்கள் முதலாளியைத் தாக்கினார்கள் என்கிறீர்கள். நீங்கள் பின் அறையில் இருந்தீர்கள். அவர்கள் போன பிறகும் இருபது நிமிடம் கழித்துத்தான் போலீசைக் கூப்பிட்டீர்கள். ஏன்?"

அவள் தமிழில் கேட்டாள்.

அவன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பேசியபோது குரல் தரையில் கிடந்தது.

"பயந்துட்டேன். கதவு இடுக்குல, எதிர்ல உக்காந்திருக்கானே, அவன் மூஞ்சியப் பாத்தேன். உடனே மேஜைக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டேன். முதலாளி என்னைக் கூப்பிட்டாரு… ரெண்டு தடவை கூப்பிட்டாரு. காதுல விழுந்துச்சு. போகல. கோழை மாதிரி காதைப் பொத்திக்கிட்டேன். அவங்க போனப்புறமும் எந்திரிக்க முடியல… பேன்ட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. அந்த அசிங்கத்தோட எப்படி வெளியில வர்றதுன்னு… அப்படியே கிடந்தேன். முதலாளி அங்க ரத்தத்துல கிடக்காரு. நான் பேன்ட்டைப் பத்தி நினைச்சுக்கிட்டு கிடந்தேன்."

இப்போது இதை அவள் சொல்ல வேண்டும். நான் ஒளிந்தேன், நான் கோழை, என் பேன்ட் நனைந்தது. கொலைகாரர்களின் பேச்சை நடுங்காமல் சொன்ன வாய். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் வரிசையில் ஒருவன் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தான்.

அவள் வாயைத் திறந்தாள். வந்தது இது:

"எனக்குப் பயமாக இருந்தது. ஆபத்து நீங்கும்வரை பின் அறையில் காத்திருந்தேன்."

அவன் தலை சட்டென்று திரும்பியது. அவ்வளவு ஆங்கிலம் அவனுக்குத் தெரியும். நீளத்தை அளக்க ஆங்கிலமே தேவையில்லை.

"காத்திருந்தீர்கள்." வக்கீல் ருசித்துச் சொன்னார். "நிதானமாக. இருபது நிமிடம். முதலாளி ரத்தத்தில் கிடக்கும்போது. அவர்கள் தப்பிப் போக அவகாசம் கொடுத்தீர்கள். அவர்கள் எப்போது வருவார்கள் என்பதும் உங்களுக்கு முன்பே தெரியும், இல்லையா?"

இதையும் அவள்தான் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு சொல் சொன்னாள். மூன்றாவது வரவில்லை. இரக்கப்பட்டு அவள் உருவி எடுத்த அந்த அசிங்கம்தான் அவனுக்கு இருந்த ஒரே சாட்சி. அதை எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பவன் ஒரு கூட்டாளி.

'நான் கால் மணி நேரம் பேசறேன். அவன் ஒரே வரி சொல்றான்.'

அவள் கையை உயர்த்தினாள்.

"மொழிபெயர்ப்பாளர் தன் பிழையைத் திருத்த அனுமதி கேட்கிறார்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மேஜைக்கு அடியில் ஒளிந்ததை. முதலாளி இரண்டு முறை கூப்பிட்டதை. கோழை மாதிரி. நனைந்த பேன்ட். ஒரு சொல் விடவில்லை. கூண்டின் கம்பியை அவன் இறுகப் பிடித்திருந்தான். பின் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "முதலில் ஏன் குறைத்துச் சொன்னீர்கள்?"

அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். வேகமாக. நாலைந்து வாக்கியங்கள். மொழிபெயர்ப்பாளர் என்று தொடங்கவில்லை. 'நான்' என்று தொடங்கினாள். அந்த அறையில் அவளுக்காக அவள் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. சுருக்கெழுத்துக்காரப் பெண் விரலை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையும் பதிந்தாள்.

*

திருத்திய பதில் ஏற்கப்பட்டது. அவளை வெளியே போகச் சொன்னார்கள். வெளியூரில் இருந்த மூன்றாமவரைப் போனிலேயே மொழிபெயர்க்க வைத்து விசாரணையைத் தொடர்ந்தார்கள். தரைத்தள ஆபீஸில் அவள் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "விசாரிச்சு முடிக்கற வரைக்கும் உங்க பேர் பட்டியல்ல இருக்காது. அதுக்கப்புறமும் சொல்ல முடியாது," என்றார் அங்கிருந்தவர், வருத்தமாகவே.

வெளியே வந்தால் மழை. குடை மாடியில், ஏழாம் எண் அறையின் வாசலில். ஏறிப் போய் எடுக்கத் துணிவு இல்லை. சைக்கிள் நிறுத்துமிடத்துத் தகரக் கூரையின் கீழ் நின்றாள். கூரையில் மழை இரைந்தது. இனி திங்கட்கிழமைகளில் எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமைகளில்? வீட்டில் குளிர்பெட்டி இருக்கிறது… அது பேசும்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

"இங்க நிக்கறீங்களா?"

அவன். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. தேடியிருக்கிறான். எதற்கு? திட்டத்தான்.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"முடிஞ்சிடுச்சு. அந்த வக்கீல் அதுக்கப்புறம் பெருசா ஒண்ணும் கேக்கல. நனைஞ்ச பேன்ட்டோட மேஜைக்கு அடியில கிடந்தவன் என்ன கூட்டாளின்னு அவருக்கே தோணியிருக்கும்." அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை. "ஏங்க சொல்லல? மூணு வாரம். வாயை வாடகைக்கு விடற ஜனங்கன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அப்பவாவது சொல்லியிருக்கலாமே. என்னை முட்டாளாக்கிட்டீங்க."

"சொன்னா ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். குடுத்தா உங்ககூடப் பேசக் கூடாது. அதான்…"

"அதான்?"

"அதான் சொல்லல. மன்னிச்சிடுங்க. இன்னிக்கும் தப்புப் பண்ணிட்டேன். அத்தனை பேர் முன்னாடி ரெண்டு தடவை கேக்க வச்சுட்டேன். உங்க வாயால ஒரு தடவை, என் வாயால ஒரு தடவை."

அவன் தூணில் சாய்ந்தான். தகரத்தின் விளிம்பில் வழிகிற தண்ணீரைப் பார்த்தான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? நாலு மாசமா அது எனக்குள்ளயே கிடந்துச்சு. முதலாளிகிட்ட சொல்லல. எங்க அம்மாகிட்ட சொல்லல. நான் சொன்னப்ப அசிங்கமா இருந்துச்சு. செத்துடலாம் போல இருந்துச்சு. நீங்க சொன்னீங்க பாருங்க, 'நான்' 'நான்'னு… அப்பதான், சே, ஒரு மனுஷன் பயந்திருக்கான், அவ்ளோதானேன்னு தோணுச்சு. வேற யாராவது சொல்லியிருந்தா தோணியிருக்குமான்னு தெரியல."

அவளுக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. மழைதான் என்று வைத்துக்கொண்டாள்.

"வேலை போயிடுச்சா?"

"போயிடலாம். இப்போதைக்கு என் பேரு பட்டியல்ல இல்ல."

"அப்ப இந்தக் கேஸுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்ல?"

"இல்ல."

"என்கூடப் பேசலாமா?"

அவள் அதை யோசித்திருக்கவேயில்லை. ஒரு மணி நேரமாக இழந்தவற்றையே எண்ணிக்கொண்டிருந்தாள். "பேசலாம்," என்றாள். "உங்க சாட்சியும் முடிஞ்சிடுச்சு. பேசலாம்."

"அப்ப ஒரு கேள்வி. ஏன் குறைச்சுச் சொன்னீங்கன்னு நீதிபதி கேட்டாங்களே, அதுக்கு என்ன சொன்னீங்க? நூத்தி இருபது வார்த்தையும் வச்சுத் தேடிப் பாத்துட்டேன். ஒண்ணும் சிக்கல. அத்தனை பேருக்கும் புரிஞ்சுது. டைப் அடிச்ச அந்தம்மா என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சுது. போன்ல வந்த ஆளைக் கேட்டா, அது எனக்கு முன்னாடி நடந்தது, எனக்குத் தெரியாதுங்கறார். எனக்கு மட்டும் யாரும் மொழிபெயர்க்கல."

"அது… வேண்டாம்."

"ஏங்க?"

"இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். தமிழ்ல சொல்ல…" அவள் கைகளைக் கோத்துக்கொண்டாள். "தமிழ்ல சொன்னா எனக்கும் கேட்கும்."

அவன் சிரிக்கவில்லை. நேராக நின்றான், கூண்டில் நின்ற மாதிரி. "சொல்லுங்க. குறைக்காதீங்க."

மழை கொஞ்சம் தணிந்தது. தணியாமல் இருந்திருக்கலாம். ஒவ்வொரு சொல்லும் இப்போது தெளிவாகக் கேட்கும்.

"'அதுக்கு மேல ஏதாவதுன்னு காலையில கேட்டீங்க. இல்லைன்னு சொன்னேன். அது பொய்.'" அவள் நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். "'இவர் தன்னைக் கோழைன்னு சொன்னப்ப என்னால அதைச் சொல்ல முடியல. என் வாரத்துல ஒரு நாள்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு இவர் வருவார். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. அதனால இவருக்காகப் பேச எனக்குத் தகுதி கிடையாது.'" குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "அவ்ளோதான். கூட்டல. குறைக்கல."

அவ்வளவு பேசுகிறவன் தடுமாறினான்.

"இதை… நீதிபதிகிட்டயா சொன்னீங்க? அந்த வக்கீலை வச்சுக்கிட்டு?"

"ம்."

"முதலாளிய அடிச்சவன் எதிர்ல உக்காந்துட்டு இருந்தானே… அவனும் கேட்டானா?"

"குற்றம் சாட்டப்பட்டவர்," என்றாள். "கேட்டார்."

அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. தகரக் கூரை முழுக்க நிறைந்த சிரிப்பு. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

"எழுத்துல பதிஞ்சிட்டாங்களா?"

"பதிஞ்சிட்டாங்க. இனி அழிக்க முடியாது."

"என் பக்கம் ஒரு வார்த்தை இருக்கு. மூணு வாரமா இருக்கு. அதைப் பதிய இங்க யாருமே இல்லையே…"

"பதிய வேண்டாம்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்கிட்ட சொல்லுங்க."

அவன் சொன்னான். இரண்டே சொற்கள். சாதாரணத் தமிழ். அவளுக்கென்றே யாரோ சொன்ன சொற்கள்… பழக்கதோஷத்தில் உதடுகள் அசைந்து, உடனே ஆங்கிலத்தைத் தேடப் போயின. அவள் உதடுகளை மூடிக்கொண்டாள். எங்கும் எடுத்துப் போக வேண்டியதில்லை. அந்தச் சொற்கள் வந்து சேர வேண்டிய இடம் அவள்தான்.